பெரியம்மாவுக்கு என்ன வயது? பிறந்த ஆண்டும் தலைமுறைக் கணக்கும்

என் பெரியம்மாவின் வீட்டுச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு ஜாதக நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில், ‘ஜய வருஷம், ஐப்பசி மாதம், வியாழக்கிழமை, விசாக நட்சத்திரம்’ என்று எழுதியிருக்கிறது. அதே அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் பிறப்புச் சான்று பிரெஞ்சு மொழியில் 1954 அக்டோபர் 28 என்கிறது. பள்ளி இறுதிச் சான்றிதழில் 1955 ஜூன் 1 என்று இருக்கிறது. ஆதார் அட்டையிலோ நாளும் மாதமும் இல்லை. 1955 என்ற ஆண்டு மட்டும் அச்சாகியிருக்கிறது. நான்கு தாள்களும் புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் பிறந்த ஒரே பெண்ணைத்தான் குறிக்கின்றன. அவருக்கு என்ன வயது என்று கேட்டால், எந்தத் தாளை எடுப்பது, எந்த நாளின்படி எண்ணுவது, முடிந்த வயதைச் சொல்வதா, நடக்கிற வயதைச் சொல்வதா என்று மூன்று கேள்விகள் திரும்ப வருகின்றன.

பெரியம்மாவுக்காக மட்டுமல்லாமல் தெருவில் பலருக்காகவும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பழகியதில் எனக்குப் புரிந்தது இது: வயது வெறும் கழித்தல் கணக்குதான் என்று நினைப்பவர்கள் எழுதிய விண்ணப்பங்களே அதிகம் திரும்பி வருகின்றன. தலைமுறைக்கும் இதுவே பொருந்தும். பிறந்த ஆண்டை மட்டும் வைத்து ஒருவரை ஒரு தலைமுறையில் சேர்ப்பவர்கள், அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது; ஆனால் அந்தச் சிறு தூரத்தில் ஒரே ஆண்டில் பிறந்த இருவரின் வயதுக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும் எப்படி வேறுபட்டன என்பதை இந்த வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கழித்தலைப் பார்ப்போம். நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து, அந்த ஆண்டின் பிறந்த நாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும், இவ்வளவுதான் அடிப்படை. மாதமும் நாளும் சேர்த்துத் துல்லியமாக வேண்டும் என்றால் பள்ளியில் படித்த கடன் வாங்கிக் கழித்தலைப் பயன்படுத்த வேண்டும். வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்பது குறிப்பு நாள். அன்றைக்குப் பெரியம்மாவின் வயது என்ன? ஒன்றிலிருந்து 28-ஐக் கழிக்க முடியாது என்பதால் மாதத்திடம் கடன் வாங்குகிறோம். இங்குதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பழக்கத்தில் 30 நாள் என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால் மார்ச்சுக்கு முந்தைய மாதம் பிப்ரவரி என்பதால், 2027-இல் அது தரக்கூடியது 28 நாள்தான். ஆகவே நாள் 1, மாதம் 4, ஆண்டு 72 என்று விடை வருகிறது. 30 என்று கடன் வாங்கியிருந்தால் 3 நாள் என்று வந்திருக்கும். முதியோர் கணக்கில் இரண்டு நாள் பெரிதில்லை. பணி நியமன வயது வரம்பில் இரண்டு நாள் ஒருவரின் வேலையையே தீர்மானித்துவிடும்.

72 முடிந்துவிட்டது என்றால் 73 நடக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நடப்பு வயதைத்தான். ‘எழுபத்து மூணு நடக்குது’ என்ற சொற்றொடரில் உள்ள ‘நடக்குது’ என்ற வினைச்சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளும்போது ஒரு வயது கூடிவிடுகிறது. இது தவறான கணக்கு அல்ல, வேறொரு கணக்கு. கொரியாவிலும் பிறந்தவுடன் ஒரு வயது என்று எண்ணும் வழக்கம் இருந்தது. 2023 ஜூனில்தான் அங்கே சட்டத்திலும் நிர்வாகத்திலும் முடிந்த வயதையே பின்பற்ற வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். நம் அரசு ஆவணங்கள் அனைத்தும் முடிந்த வயதையே கேட்கின்றன. வீட்டில் உள்ளவர்கள் நடப்பு வயதைச் சொல்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு வயது எந்தக் கணத்தில் முடிகிறது என்பது கேட்பதற்கு எளிதாகவும் ஆராய்ந்தால் நுட்பமாகவும் இருக்கும் கேள்வி. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம், பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்துக்கொண்டு, பதினெட்டாம் பிறந்த நாளின் தொடக்கத்தில் ஒருவர் வயதுக்கு வருகிறார் என்று சொல்கிறது. பிறந்த நாளின் தொடக்கம் என்பதும் அதற்கு முந்தைய நாளின் முடிவு என்பதும் ஒரே நள்ளிரவு. அந்த நள்ளிரவு எந்த நாளுக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தே வழக்குகள் எழுந்தன. ராஜஸ்தான் அரசுப் பணிக்கு விண்ணப்பித்த ஒருவர் 1956 ஜனவரி 2-இல் பிறந்தவர். 1984 ஜனவரி 1-இல் 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது விதி. ஒரு நாள் பாக்கி இருக்கிறது என்று அவர் வாதிட்டார். ஜனவரி 1 முடியும்போதே 28 ஆண்டுகள் நிறைந்துவிடுகின்றன, ஆகவே அவர் அன்றே அந்த வயதை எட்டிவிட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. வருமான வரித் துறையும் 2016-இல் இதே அடிப்படையில், ஏப்ரல் 1-இல் பிறந்தவர் மார்ச் 31-ஆம் தேதியே 60 வயதை எட்டியவராகக் கருதப்படுவார் என்று சுற்றறிக்கை வெளியிட்டது. இதனால் அவர் ஓர் ஆண்டு முன்னதாகவே மூத்த குடிமக்களுக்கான வரிச் சலுகையைப் பெறுகிறார். ஒரே விதி ஒருவருக்கு வேலையை இழக்கச் செய்தது, இன்னொருவருக்குச் சலுகையைத் தந்தது.

குறிப்பு நாள் என்ற கருத்தைப் புரிந்துகொள்ள 2021-இன் தடுப்பூசி வரிசையை நினைத்துப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் 45 வயதானவர்களுக்கு ஊசி போடலாம் என்று அறிவித்தபோது, 44 வயதானவர்கள் பலரும் வரிசையில் நிற்க முடிந்தது. ஏனென்றால் 2022 ஜனவரி 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து, 1977 ஜனவரி 1-க்கு முன் பிறந்த எல்லோரையும் தகுதியானவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். வாக்காளர் பட்டியலிலோ நீண்ட காலம் ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்ததால், ஜனவரி 2-இல் பதினெட்டு முடிந்தவர் ஏறத்தாழ ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்களாகிவிட்டன. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

இனி ஜாதக நோட்டுக்கு வருவோம். ஆங்கிலத் தேதி எழுதப்படாத பழைய நோட்டுகள் இந்த வட்டாரத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் உள்ளதை ஆங்கில ஆண்டாக மாற்றுவதற்கு ஒரு எளிய வழி உண்டு. தமிழ் ஆண்டுகள் அறுபதும் பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடிகின்றன. கடந்த சுற்றுகளின் பிரபவ 1927-இலும் 1987-இலும் தொடங்கியது. ஆகவே அந்த ஆண்டின் வரிசை எண்ணோடு 1926-ஐயோ 1986-ஐயோ கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜய 28-ஆவது ஆண்டு. 1926-ஐக் கூட்டினால் 1954. இன்னொரு கூட்டலில் 2014 வருகிறது; ஆனால் எழுதியவர் தாத்தா என்பதால் எந்தச் சுற்று என்பதில் ஐயம் இல்லை.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் ஆண்டு சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. எனவே தை, மாசி, பங்குனி மாதங்களில் பிறந்தவர்களுக்கும் மார்கழியின் பிற்பகுதியில் பிறந்தவர்களுக்கும் கிடைத்த விடையோடு ஒன்று கூட்ட வேண்டும். ‘துன்முகி வருஷம் மாசி மாதம்’ என்று எழுதியிருந்தால், துன்முகி 30-ஆவது என்பதால் 1956 என்று சட்டென்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளை பிறந்தது 1957 பிப்ரவரியிலோ மார்ச்சிலோதான். இப்படி ஒரு வயது கூடுதலாகப் போட்டுக்கொண்ட பெரியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். நட்சத்திரப் பிறந்த நாளும் ஆங்கிலத் தேதியும் ஆண்டுதோறும் ஒன்றாக வருவதில்லை. பெரியம்மாவின் விசாகம் ஐப்பசிக்குள் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அரசாணைகளில் வரும் திருவள்ளுவர் ஆண்டு இதைவிட எளிது. 31-ஐக் கழித்தால் போதும்.

அறுபது ஆண்டுச் சுற்று நம்மிடம் வெறும் பெயர்ப் பட்டியலாக இல்லை. பிறந்த தமிழ் ஆண்டு திரும்பி வரும்போது அறுபது நிறைகிறது என்பதால்தான் அறுபதாம் கல்யாணம் அந்த நேரத்தில் நடக்கிறது. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் பிடித்துச் சொந்தபந்தங்களோடு திருக்கடையூருக்குப் போகும் குடும்பங்கள், ஆங்கில நாட்காட்டியில் பிறந்த ஆண்டு தெரியாவிட்டாலும் இந்த ஒரு கணக்கில் தவறுவதில்லை.

அப்படியானால் பெரியம்மாவின் பள்ளிச் சான்றிதழில் 1955 ஜூன் 1 எப்படி வந்தது? 1960 ஜூனில் தாத்தா அவரைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாராம் தலைமையாசிரியர். விரல் நுனி காதைத் தொட்டதும், ஐந்து வயது முடிந்தது என்று வைத்து, பள்ளி திறக்கும் மாதத்தின் முதல் நாளையே பிறந்த நாளாக எழுதிவிட்டார். தாத்தாவும் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதம் குறைத்துப் போட்டால் பின்னால் உத்தியோகத்துக்கு நல்லது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. அந்தத் தலைமுறையினரில் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் அந்த மாதங்களில் குழந்தைகள் அதிகம் பிறந்ததல்ல, பள்ளி சேர்க்கை அப்போது நடந்ததுதான்.

அந்த ஒரு பேனாக் கோட்டின் விளைவைக் கணக்கிடலாம். பெரியம்மா புதுச்சேரி அரசில் செவிலியராக இருந்தார். அங்கே மத்திய அரசின் பணி விதிகள் நடைமுறையில் இருப்பதால் ஓய்வு வயது 60. அந்த வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர்கள் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும். ஆகவே ஜூன் 1 என்று எழுதப்பட்ட பெரியம்மா 2015 மே 31-இல் ஓய்வு பெற்றார். தலைமையாசிரியர் ஜூன் 2 என்று எழுதியிருந்தால் ஜூன் 30 வரை பணியில் இருந்திருப்பார். ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு மாதச் சம்பளம். பிரெஞ்சுச் சான்றின்படி என்றால் 2014 அக்டோபர் 31-இலேயே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

பெரியம்மாவின் அத்தை மகளை நாங்கள் கடலூர் அத்தை என்று அழைப்போம். அவரும் அதே 1954 ஐப்பசியில் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். சான்றிதழில் உண்மையான தேதியே இருந்தது. தமிழ்நாட்டில் அப்போது ஓய்வு வயது 58 என்பதால் 2012 அக்டோபரிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். மத்திய அரசு 1998-இல் 60 ஆக்கிய பிறகும் தமிழ்நாட்டில் 58 நீடித்தது. 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஒரே மாதத்தில் பிறந்த இரு பெண்களில் ஒருவர் மற்றவரைவிட இரண்டரை ஆண்டுக்கும் மேலாகப் பணியில் இருந்தார். இதில் எவருடைய உழைப்போ உடல்நிலையோ காரணமில்லை. எல்லைக்கோடும் ஒரு ஜூன் மாதமுமே காரணம். முதுமை தொடங்கும் வயதுகூட இங்கே இரண்டாக இருக்கிறது. புதுச்சேரியில் முதியோர் உதவித்தொகைக்கு 55 வயதிலிருந்தே தகுதி உண்டு. தமிழ்நாட்டில் 60 ஆக வேண்டும். கன்னியக்கோயிலில் முதியவராகக் கருதப்படும் ஒருவர் அடுத்திருக்கும் ரெட்டிச்சாவடியில் இன்னும் முதியவர் ஆகவில்லை.

ஆதாரில் ஆண்டு மட்டும் இருப்பதால் பெரியம்மாவை ஓர் அலுவலகத்தில் மூன்று முறை அலைய விட்டார்கள். பதிவின்போது ஆவணம் காட்டாமல் வாய்மொழியாக வயதைச் சொன்னவர்களின் அட்டையில் இப்படி ஆண்டு மட்டும் வருவது வழக்கம்; சில கணினிப் படிவங்கள் நாள் இல்லாத இடத்தில் ஜனவரி 1 என்று தாமாகவே நிரப்பிக்கொள்கின்றன. ஆதாரைப் பிறந்த தேதிக்கான சான்றாகக் கொள்ள முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில் தெளிவாக்கியது. அந்த வழக்கில் இறந்தவரின் வயது பள்ளிச் சான்றின்படி 45, ஆதாரின்படி 47. விபத்து இழப்பீட்டில் ஆண்டு வருமானத்தை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். 41 முதல் 45 வயது வரை அது 14, 46 முதல் 50 வரை 13. இரண்டு வயது வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டு வருமானமாகிறது. பள்ளிச் சான்றையே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தலைமையாசிரியர் காதைத் தொடச் சொல்லி எழுதிய தேதிக்கு இத்தனை வலிமை இருக்கிறது என்பதை எண்ணும்போது, பிள்ளைகளின் சான்றிதழ்களை இன்றே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது.

பிறந்த தேதியே தெரியாதவர்களிடம் வயது கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழு எண்களாகவே வரும். கணக்கெடுப்பு வல்லுநர்கள் இந்தக் குவிதலை அளக்க விப்பிள் குறியீடு என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேரின் வயது 0 அல்லது 5-இல் முடிகிறது என்று பார்ப்பார்கள். குவிதலே இல்லை என்றால் 100, எல்லோரும் அப்படியே சொன்னால் 500. இதைச் சரிசெய்யக் கணக்கெடுப்பாளர்கள் நிகழ்வுகளை நினைவூட்டிக் கேட்பது வழக்கம். முன்பு தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயதைச் சொன்னார்கள், அது 1876. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதை வைத்துச் சொன்னார்கள்; அது 1914 செப்டம்பர். ‘சுனாமி வந்தப்போ என் மூத்தவன் கைக்குழந்தை’ என்று தேவனாம்பட்டினத்தில் ஒரு தாய் சொன்னால், அவர் மகன் 2004-ஐ ஒட்டிப் பிறந்தவன் என்பதற்கு அதைவிட நம்பகமான சான்று வேண்டியதில்லை.

இந்த நிகழ்வுக் கணக்கிலிருந்துதான் தலைமுறை என்ற கருத்து தொடங்குகிறது. ஆனால் நம் மொழியில் தலைமுறை என்பது முதலில் ஆண்டைக் குறிப்பதில்லை, வம்சப் படியைக் குறிக்கிறது. அம்மாவின் சித்தப்பா ஒருவர் பெரியம்மாவைவிட இரண்டு வயது இளையவர். இருந்தும் பெரியம்மா அவரைச் சித்தப்பா என்றுதான் அழைக்கிறார், எனக்கு அவர் சின்னத் தாத்தா. வயதில் சின்னவர், முறையில் பெரியவர் என்பதை ஏற்றுக்கொள்வதில் எங்கள் வீட்டில் எவருக்கும் சிரமம் இருந்ததில்லை. இந்தப் படிகளின் நீளமும் காலத்தோடு மாறுகிறது. பெண்ணின் திருமண வயது இந்தியச் சட்டத்தில் 1929-இல் 14, 1949-இல் 15, 1978-இல் 18 என்று உயர்ந்தது. முதல் குழந்தை 18 வயதில் என்றால் நூறு ஆண்டுக்குள் ஐந்து தலைமுறைகள் கடந்துவிடும். 28 வயதில் என்றால் மூன்றுதான். கொள்ளுப்பாட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் முன்பு அதிகமாக இருந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இன்று பிள்ளைகள் பேசும் தலைமுறை வேறு. ‘பூமர்’, ‘மில்லேனியல்’, ‘ஜென் இசட்’ என்ற பெயர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய பிறகு அங்கே பிறப்பு எண்ணிக்கை திடீரென்று பெருகியது. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைப் பூமர்கள் என்றார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் வரையறைப்படி 1965 முதல் 1980 வரை ஜென் எக்ஸ், 1981 முதல் 1996 வரை மில்லேனியல், 1997 முதல் 2012 வரை ஜென் இசட். அடுத்த தலைமுறைக்கு ஆல்பா என்ற பெயரைத் தந்த ஆஸ்திரேலியாவின் மார்க் மெக்கிரிண்டல் அதை 2010-இலேயே தொடங்கி 2024-இல் முடிக்கிறார். அதற்கடுத்த பீட்டாவுக்கு 2025 முதல் 2039 வரை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் 2010 முதல் 2012 வரை பிறந்த குழந்தைகள் இரண்டு தலைமுறைக்கும் உரியவர்களாகிவிடுகிறார்கள். இந்தப் பெயர்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதைக் குறைக்கப் போவதாகப் பியூ மையமே 2023-இல் அறிவித்தது.

தமிழகத்தில் 1946-இல் அப்படி ஒரு திடீர்ப் பெருக்கம் நிகழவில்லை. பிறப்பு முன்பே அதிகமாகத்தான் இருந்தது, இறப்பு குறையக் குறைய மக்கள்தொகை வளர்ந்தது. ஆகவே நாற்பது வயதுக்காரரைப் ‘பூமர் அங்கிள்’ என்று இளைஞர்கள் அழைக்கும்போது அந்தச் சொல் ஆண்டைக் குறிக்கவில்லை, பழைய கருத்துடையவர் என்ற பொருளில் வருகிறது. நம்மிடையே வழங்கும் ‘90ஸ் கிட்ஸ்’, ‘2கே கிட்ஸ்’ என்ற பெயர்கள் இதைவிடப் பொருத்தமானவை என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ‘90ஸ் கிட்ஸ்’ என்ற சொல் பெரும்பாலும் தொண்ணூறுகளில் சிறுவர்களாக இருந்தவர்களைக் குறிக்கும். நம்மிடம் தொண்ணூறுகளில் பிறந்தவர்களைக் குறிக்கிறது. ஆனால் இதுவும் பத்தால் வகுத்த கணக்குதான். 1999 டிசம்பர் 31-இல் பிறந்தவரையும் மறுநாள் பிறந்தவரையும் இரண்டு தலைமுறை ஆக்கிவிடுகிறது.

கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தெளிவான விடை இருக்கிறது. ஒரே காலத்தில் பிறந்திருப்பது ஒரு வாய்ப்பை மட்டுமே தருகிறது. இளம் வயதில் ஒரே வரலாற்று நிகழ்வில் பங்குபெற்றவர்கள்தான் உண்மையில் ஒரு தலைமுறை ஆகிறார்கள் என்றார் அவர். ஆகவே தலைமுறையைக் கண்டறிய விரும்புபவர் இரண்டாவதாக ஒரு கழித்தலையும் செய்ய வேண்டும். நிகழ்வு நடந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து, அப்போது தமக்கு என்ன வயது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கழித்தலை எங்கள் வட்டாரத்தில் செய்து பார்க்கும்போதுதான் ஊர் எவ்வளவு முக்கியம் என்பது தெரிகிறது. 1947 ஆகஸ்ட் 15 கடலூருக்குச் சுதந்திர நாள். புதுச்சேரியில் அன்றும் பிரெஞ்சு ஆட்சிதான். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவளித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. பெரியம்மா பிறந்தது இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட பதினான்கு நாளில். வாக்கெடுப்பு முடிந்திருந்தது, கொடி இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் அவருடைய சான்று பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நிறைவேறியது. அதன்பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியம்மாவுக்கு அப்போது ஏழு வயது. தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை, ஆகவே அவர் இந்தியக் குடிமகள். அதே தெருவில் எழுதிக் கொடுத்தவரின் மகள், அவருடைய பள்ளித் தோழி, பிரெஞ்சுக் குடிமகளாக வளர்ந்தார். கடலூர் அத்தைக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. மூவரும் அமெரிக்கக் கணக்கில் பூமர்கள்.

அடுத்த பிளவு பள்ளியில் நேர்ந்தது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும் அதன்பின் கல்லூரியில் பி.யூ.சி.யும் படித்த காலம் முடிந்து, 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. முதல் பிளஸ் டூ தேர்வு 1980-இல் நடந்தது. 1960-ஐ ஒட்டிப் பிறந்த அண்ணனும் 1963-ஐ ஒட்டிப் பிறந்த தம்பியும் ஒரே வீட்டில் இரண்டு கல்வி முறையைப் பார்த்தார்கள். பி.யூ.சி. என்று ஒருவர் சொன்ன கணமே அவருடைய வயதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். 1993 செப்டம்பரில் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்தது. அதற்கு முன் பிறந்த கடலூர்க்காரர்களின் சான்றிதழில் இன்னும் தென்னாற்காடு என்றே இருக்கிறது. அண்மைக் காலத்தில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்திய பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், எல்லையின் இரு பக்கமும் பல ஆண்டுகள் ஒரே பொதுத்தேர்வை எழுதிவந்த அக்காள் தங்கை பிள்ளைகள் இப்போது வேறு வேறு தேர்வு எழுதுகிறார்கள்.

2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு இல்லாமல் தேர்ச்சி பெற்ற ‘ஆல் பாஸ்’ பிள்ளைகளும், 2021-இல் பிளஸ் டூ தேர்வை எழுதாமலே வெளிவந்தவர்களும் இரண்டு மூன்று பிறந்த ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஆனால் மான்ஹைம் சொன்ன பொருளில் அவர்கள் ஒரு முழுத் தலைமுறை. அந்த மதிப்பெண் பட்டியலை நேர்முகத் தேர்வில் நீட்டும்போது அவர்கள் சந்திக்கும் பார்வையை அவர்களுக்கு ஓர் ஆண்டு மூத்தவர்களும் ஓர் ஆண்டு இளையவர்களும் அறிய மாட்டார்கள்.

பண்ருட்டிப் பக்கம் மரங்களுக்கும் இப்படி ஒரு தலைமுறை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. ஒரு பலா மரத்தைக் காட்டி வயது கேட்டால், ‘தானேவுக்குத் தப்பினது’ அல்லது ‘தானேவுக்கு அப்புறம் வச்சது’ என்ற இரண்டில் ஒரு பதில்தான் வரும். அந்தத் தோப்பில் விளையாடி வளர்ந்த பிள்ளைகளையும் அதே கோடு பிரிக்கிறது. நிழலில் விளையாடியவர்களும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களும் ஏழெட்டு வயதுதான் வேறுபட்டவர்கள்.

பெரியம்மாவுக்கு 2025-இல் ஒரு பேத்தி பிறந்தாள். பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம். மருத்துவமனையிலிருந்தே தகவல் போய், பெயர் வைப்பதற்கு முன்பே தேதி பதிவாகிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கான ஒரே ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அவளை எந்தத் தலைமையாசிரியரும் காதைத் தொடச் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் பெரியம்மா அந்த நோட்டை எடுத்து, தாத்தா எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ‘விசுவாவசு வருஷம்’ என்று தொடங்கி மாதம், கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பேனாவை மூடாமல் என்னைப் பார்த்து, ஆங்கிலத் தேதியையும் பிறந்த ஊரையும் கீழே எழுதிவிடு என்று நோட்டை என்னிடம் நகர்த்தினார்.